பியர் டப்பாத் தகடு

வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே ரம்பாய்க்குச் சத்தம் கேட்டுவிட்டது. மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் பட்டறை வைத்திருப்பவளுக்கு அது பழகிப்போன ஒன்று. ஏறுகிற வண்டிக்கு ஒரு சத்தம். முட்டைக்கோசை வானத்துக்கு அடுக்கிக்கொண்டு இரண்டாம் கியரில் முனகியபடி இறங்குகிற வண்டிக்கு ஒரு சத்தம். இது இரண்டிலும் சேரவில்லை. ஈளை நோய்க்காரன் படியேறுகிற மாதிரி விட்டு விட்டு வந்தது.

"கரி அடைச்சுக் கெடக்கு" என்று வேறொரு வண்டிக்கு அடியில் படுத்தபடியே சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். பனி இன்னும் விலகவில்லை. பட்டறை வாசலில் வந்து இருமி நின்ற பிக்கப்பின் கதவில் சிவப்பு எழுத்து தெரிந்தது. கையிலிருந்த ஸ்பேனரை எண்ணெய்த் தட்டில் போட்டாள்.

ஜூயின் வண்டி. மலையில் விளைகிற கோசில் பாதிக்கு மேல் அவன் வண்டிகளில்தான் இறங்கும். மொத்த வியாபாரி. ஊரே அவனைத் தவுக்கே என்றுதான் கூப்பிடும், முதலாளி என்கிற மாதிரி. ரம்பாய் அவனுக்கு வேறு பெயர்கள் வைத்திருந்தாள். இறுகிப்போன நட்டைத் திருகும்போது ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். நட்டு கழன்று வரும்.

போன மழைக்கு முந்தின மழையில், அவனுடைய வண்டியில் கோழி எரு மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே போனவன் அவள் புருஷன் சுதின். காவல் தெய்வத்துக்கு நேர்ந்து வைத்த வரிக்குதிரை பொம்மைகள் குவிந்து கிடக்கிற அந்தப் பெரிய வளைவில் எஞ்சின் நின்றது. எஞ்சின் நின்றால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் திரும்பாது. வண்டி பின்னாலேயே உருண்டு ஓடைக்குள் விழுந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. கால் போனதை ரம்பாய் எப்படியோ தாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று தவுக்கே சொன்ன சொல்லைத்தான் தாங்க முடியவில்லை. "குடிச்சிருக்கான். வாயில பியர் நாத்தம். என் வண்டியில ஒரு கோளாறும் கெடையாது."

அன்றிலிருந்து சுதின் குடிகாரச் சுதின். ரம்பாய் யாரையும் விடவில்லை. சந்தையில் சண்டை போட்டாள், கோயில் திருவிழாவில் சண்டை போட்டாள், எதிரே இருக்கிற நூடுல்ஸ் கொட்டகையில் டிரைவர்கள் முன்னால் மேசையைத் தட்டிச் சண்டை போட்டாள். "வண்டி எடுக்கிற அன்னிக்கு என் புருஷன் சொட்டு தொடமாட்டான். தொட்டான்னு சொல்றவன் என் முகத்தைப் பாத்துச் சொல்லு." யாரும் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சுதின் மட்டும் இது எதிலும் வாயைத் திறந்ததில்லை. பட்டறையின் பின்பக்கம் உட்கார்ந்து கழற்றிய சாமான்களை டீசலில் கழுவிக்கொண்டிருப்பான். மனசு உடைந்துவிட்டது, அதனால் பேசவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிக்கப்பிலிருந்து வாமெங் இறங்கினான். மலைமேல் வாழ்கிற மோங் இனத்துக்காரன். சுதினுக்கு அப்புறம் தவுக்கேயின் எரு வண்டி அவன் கைக்குப் போயிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. டவுனுக்குத்தான் போகப் பாத்தேன்."

"இங்க நிக்கக் கூடாது. எடு."

"நானா நிறுத்தினேன்? அதுவா நின்னுடுச்சு. நான் என்ன பண்ண?"

"தள்ளிட்டுப் போ."

"ஒத்த ஆளாவா? நான் என்ன யானையா?"

அவனோடு சண்டை போட அவளுக்கு மனம் வரவில்லை. அவனோ விட்டால் போதும் என்று பானெட்டைத் தூக்கிவிட்டான். அவள் எட்டிப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியாதே. ஒரு ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தாள். விரல் கருஞ்சாந்தில் முக்கினது போல வந்தது.

அதற்குள் தவுக்கேயின் கார் பின்னால் வந்து நின்றுவிட்டது. வயிறு முதலில், பிறகு கழுத்து நிறையத் தொங்குகிற தாயத்துகள், பிறகு அவன். கையில் ஒரு பை இனிப்புப் புளி. ஓட்டை உடைத்துச் சப்பிக்கொண்டே வந்தான்.

"ரம்பாய், நல்லா இருக்கியாம்மா? இந்தா, புளி. நம்ம தோட்டத்துது."

அவள் கையை நீட்டவில்லை. அவன் பையைத் தகர மேசைமேல் வைத்தான்.

"என்னவாம் வண்டிக்கு?"

"மூக்கடைப்பு" என்றாள்.

எஞ்சின் வெளியே விடுகிற புகையில் கொஞ்சத்தைப் பிடித்து, திரும்ப அதன் மூக்கிலேயே விடுகிற குழாய் ஒன்று இந்த வண்டிகளில் உண்டு. ஈஜிஆர் என்பார்கள். காற்று கெடாமல் இருக்கட்டும் என்று கம்பெனிக்காரன் வைத்தது. சமவெளியில் பறக்கிற வண்டிக்கு அது ஒன்றும் செய்யாது. சுமையோடு முக்கி முக்கி மலையேறுகிற வண்டிக்கு உள்ளே கரியைக் கொண்டுபோய் அப்பும். அதனால் குழாய்க்கு நடுவில் ஒரு தகட்டை வைத்து அடைத்துவிடுவது மலை வண்டிக்காரர்களிடம் வழக்கம். அடைக்கலாமா கூடாதா என்று அங்கே இரண்டு கட்சி. கல்யாண வீட்டில் இந்தப் பேச்சு ஓடும், சாவு வீட்டிலும் ஓடும். மாமனும் மருமகனும் இதற்காகப் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த வீடுகூட உண்டு.

"அடைச்சு விட்டுடு" என்றான் தவுக்கே.

"அடைக்க மாட்டேன். காத்துப் போற மேனிஃபோல்டைக் கழட்டிச் சுரண்டிக் கழுவணும். வால்வையும் கழுவணும். நாளைக்கு மதியம் ஆகும்."

"கோசு அறுக்கிற நேரத்துல வண்டியைப் படுக்கப் போடச் சொல்றியா? சுரண்டினா அடுத்த வருசம் மறுபடி அடைக்கும். குழாயை அடைச்சாத் தீந்துது."

"அடைச்சா உள்ள சூடு ஏறும். எரு மூட்டையோட ஏறுற வண்டிக்கு ஏற்கெனவே கொதிக்குது. அதுவும் அடைக்கிறதுன்னா கனமான ஸ்டீல் தகடு வேணும். கண்டதை வெச்சு அடைச்சா அது ஓட்டையாகி உள்ள போவும்."

"டவுன்ல எல்லாப் பயலும் அடைக்கிறான். ஒருத்தன் வண்டி வெடிச்சுதா?"

"டவுன்ல மலை இருக்கா?"

வாமெங் சிரித்துவிட்டு, தவுக்கே திரும்பிப் பார்த்ததும் இருமினான்.

தவுக்கே கோபப்படவில்லை. காரியம் ஆகவேண்டியவன் கோபப்படமாட்டான். காருக்குப் போய்ப் பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து பியர் டப்பாக்களை எடுத்து வந்தான். வாமெங்குக்கு ஒன்று கொடுத்தான், தான் ஒன்றை உடைத்தான், மூன்றாவதை ரம்பாயின் முன்னால் வைத்தான்.

"ரொம்ப யோசிக்காத. இதைக் குடி. குடிச்சிட்டு டப்பாவை வெட்டி உள்ள வெச்சு முடுக்கு. ஸ்டீலாம் ஸ்டீல். எத்தனை வண்டிக்கு நான் இப்படிப் போட்டிருக்கேன். காசும் மிச்சம், தாகமும் தீந்த மாதிரி."

தானே சிரித்தான். பின்பக்கம் சாமான் கழுவுகிற சத்தம் நின்றது.

"நாளைக்கு மதியம் வரேன். மேல மூணு வயல் அறுக்கச் சொல்லியிருக்கேன். வண்டி ஏறலைன்னா அடுத்த வியாபாரி வந்து அள்ளிட்டுப் போயிடுவான். எரு மூட்டையையும் இங்கயே கொண்டாந்து ஏத்திடச் சொல்றேன். முடிச்சு வை, என்ன?"

கார் போயிற்று. வாமெங் குடிக்காத டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டு வரேன் அக்கா" என்று கொட்டகைக்கு நடந்தான்.

ரம்பாய் பின்பக்கம் போனாள். சுதின் பக்கெட்டுக்குள் கையை விட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்ல. சோறு வை."

மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு, சுட்ட மிளகாய்த் துவையல், நேற்றுப் பொரித்த மீன். இரண்டு பேரும் பலகையில் உட்கார்ந்தார்கள். அவன் சோற்றை உருட்டினான், துவையலில் தொட்டான், வாயில் போடவில்லை.

"அந்தப் பியர் எங்க?" என்றான்.

"எதுக்கு? குடிக்கவா?"

"கொண்டா."

கொண்டு வந்தாள். அவன் அதை உடைக்கவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதே மாதிரிதான்" என்றான். "அன்னிக்கும் இதே மாதிரிதான் சொன்னான். வண்டி இழுக்கலன்னு போய் நின்னேன். ரம்பாய்கிட்ட விட்டாக் கழுவிக் குடுப்பான்னு சொன்னேன். உன் பொண்டாட்டிகிட்ட விட்டா ரெண்டு நாள் போயிடும்னான். பெட்டியிலருந்து ஒண்ணை எடுத்துக் குடுத்து, குடி, குடிச்சிட்டு டப்பாவை வெட்டி வைன்னான்."

ரம்பாயின் கை கூடைக்குள்ளேயே நின்றது.

"குடிச்சியா?"

"வெயிலு. குடிச்சேன்."

"குடிச்ச."

"ஒரே ஒரு டப்பா, ரம்பாய். அவன் முன்னாலயே குடிச்சேன். அவன் கத்திரி எடுத்துக் குடுத்தான், நான் வெட்டினேன். ஒரு நடை தாங்கும், வந்து உன்கிட்ட ஸ்டீல் வாங்கிப் போட்டுக்கலாம்னு நெனச்சேன். வளைவுல ஏறும்போது டப்புனு ஒரு சத்தம். அப்புறம் மூச்சே இல்ல. டப்பா ஓட்டையாகித் துண்டு உள்ள போய்ச் சிக்கியிருக்கும். வேற என்ன?"

அவள் எழுந்தாள். மீன் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். நாய் எழுந்து ஓடி, பிறகு மீன் என்று தெரிந்து திரும்பி வந்தது.

"ஊரெல்லாம் போய் நான் கத்தினேனேடா. மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேனே. சொட்டு தொடமாட்டான்னு. எவளோ ஒரு வாயாடி மாதிரி. நீ இங்க உக்காந்து பக்கெட்டுல கை நனைச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தியே."

"வாடை அடிச்சுது. டாக்டர்கூடச் சொன்னான். நான் ஒரு டப்பாதான், அதையும் அவன்தான் குடுத்தான்னா யாரு நம்புவா? குடிகாரன் வேற எப்படிச் சொல்லுவான்? அதோட, வெட்டினது என் கை. உன் பக்கத்துல இருந்து இத்தனை வருசம் வேலையைப் பாத்தவன். கூடாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்ல. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மட்டும்தான் நம்பிக்கிட்டிருந்த" என்றான் சுதின். "அதையும் விட்டா எனக்கு என்ன இருக்கு?"

அவள் வெளியே போய்த் தண்ணீர்த் தொட்டியில் முகத்தை அடித்துக் கழுவினாள். புருஷன்மேல் வந்த கோபம் தண்ணீரோடு கொஞ்சம் இறங்கியது. மிச்சமிருந்தது இறங்கவில்லை. பியரைக் கொடுத்தவன், கத்திரியைக் கொடுத்தவன், ஆஸ்பத்திரி வாசலில் நின்று வாயில் நாத்தம் என்று சொன்னவன். தான் ஊற்றினதின் நாத்தம் என்று தெரிந்தே சொன்னவன். அவன் இன்றைக்கு அவள் வாசலில் வந்து நின்று, அவள் கையில் அதே டப்பாவைக் கொடுத்து, அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் மறந்தேவிட்டான். அவளுக்கு அதுதான் நெஞ்சில் தீயாகப் பிடித்தது. ஒருத்தன் காலை எடுத்துவிட்டு அதை மறந்தும்விடுகிற சுகம்.

திரும்பி வந்து டப்பாவை எடுத்தாள். உடைத்தாள். பியரை மண்ணில் கவிழ்த்தாள். தகரம் வெட்டுகிற கத்திரியை எடுத்துத் தலையை வெட்டி, அடியை வெட்டி, நடுவைப் பிரித்துப் பலகையில் அறைந்து நிமிர்த்தினாள். குழாய் மூட்டுக்கு நடுவில் வைக்கிற பழைய கேஸ்கட் ஒன்றை மேலே வைத்து ஆணியால் கோடு கீறினாள்.

"என்ன பண்ற?"

"தவுக்கே கேட்டதைப் பண்றேன்."

"ரம்பாய்."

"வாடிக்கைக்காரர் சொன்ன மாதிரி செய்யணும்ல. அழகா வெட்டித் தரேன். போல்டு ஓட்டைகூட சுத்தமா இருக்கும். அந்த வளைவு வரைக்கும் தாங்கினாப் போதும்."

"ஓட்டுறது அவன் இல்ல."

"தெரியும்."

"வாமெங் ஓட்டுவான்."

"தெரியும்ங்கிறேன்ல."

சுதின் கம்பை ஊன்றி எழுந்தான். அவளுக்கு முன்னால் வந்து நின்றான். "அவன் எனக்கு எத்தனை நாள் மூத்திரச் சட்டி எடுத்திருக்கான்னு தெரியுமா உனக்கு? நீ பட்டறையில இருந்தப்ப அவன்தான் ஆஸ்பத்திரியில..."

"உக்காரு. நின்னு நின்னு வெட்டின காலு வலிக்கும்."

"தகட்டைக் குடு."

"உக்காருடா."

அவன் உட்காரவில்லை. அவள் தகட்டை மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

பொழுது சாய்கிற வரைக்கும் கழற்றினாள். போல்டுகள் துருவும் கரியும் ஏறி இறுகிக் கிடந்தன. வைத்திருந்த பெயர்கள் எல்லாம் தீர்ந்து புதிதாகச் சில கண்டுபிடித்தாள். மேனிஃபோல்டைத் தூக்கி வெளியே வைத்தபோது காற்றுப் போகிற துளைகள் எல்லாம் பாதிக்கு மேல் மூடியிருந்தன. உள்ளே விரல் கனத்துக்குக் கரி. ஈரக் கரி, தார் மாதிரி, பழைய எண்ணெயும் புகையும் கலந்த வீச்சம். குழாயின் வாயில் தகட்டை வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. இரண்டே போல்டு. முடுக்கினால் முடிந்தது. வெளியிலிருந்து ஒருவனும் கண்டுபிடிக்க முடியாது.

வாமெங் வந்து பக்கத்தில் குந்தினான். அவன் வாயில் பியர் வாடை இல்லை. கொட்டகைக்காரியிடம் டப்பாவைக் கொடுத்து நூடுல்ஸ் வாங்கித் தின்றுவிட்டிருந்தான்.

"ஆகுமா அக்கா?"

"ஆகும்."

"நாளைக்கு எம் பொண்டாட்டி இயாவும் வரா. புள்ளைக்கு ஊசி போடக் கீழ வந்திருக்காங்க. மூணு பேரும் ஒண்ணா மேல போயிடலாம்னு."

முன் சீட்டில் குழந்தையை முதுகில் கட்டுகிற பூவேலைத் துணி மடித்துக் கிடந்தது. ரம்பாய் அதைப் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள். வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லி, தகட்டைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? அந்தக் கம்பி பிரஷை எடு" என்றாள்.

இரண்டு பேரும் சுரண்டினார்கள். ஸ்குரூடிரைவரால் பெரிய கட்டிகளைப் பெயர்த்தார்கள், பிரஷால் தேய்த்தார்கள், டீசலில் ஊறப்போட்டு மறுபடியும் தேய்த்தார்கள். அவள் வாழ்க்கையில் இவ்வளவு வெறுப்போடு எதையும் சுத்தம் செய்ததில்லை, இவ்வளவு சுத்தமாகவும் செய்ததில்லை. எதிரியின் வண்டி எஞ்சின் கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க ஒரு யோசனையும் கரிக்குள்ளிருந்து தெரிகிற இரும்பு மாதிரி மெல்லத் தெரிய ஆரம்பித்தது.

"வாமெங், உங்கிட்ட ஒண்ணு சொல்றேன். நாளைக்கு என்ன நடந்தாலும் நீ சாவியத் தொடாத. ஆனா பயப்படாத. இந்த வண்டியில நான் எதையும் அடைக்கல. உன் கண்ணு முன்னாலதான் மாட்டப் போறேன். பாத்துக்க."

"ஏன் அக்கா?"

"பாரு, தெரியும்."

அவன் பார்த்தான். குழாய் திறந்தே இருந்தது, புது கேஸ்கட் போட்டு அவள் மூடினாள். எதற்கும் இருக்கட்டும் என்று போல்டுகளைத் தன் கையாலும் ஒரு முறை தொட்டுப் பார்த்தான். மோங் ஆட்கள் அப்படித்தான், சொல்லை நம்புவார்கள், கையையும் நம்புவார்கள்.

காலையில் அவள் சுதினிடம் துவைத்த சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

"மதியம் கொட்டகைக்கு வரணும்."

"நானா? அங்க நான் போய்..."

"வந்து சொல்லணும். எங்கிட்ட சொன்னதை அங்க சொல்லணும். குடிச்சேன்னும் சொல்லணும். நான் மேசையத் தட்டினது போதும். இனிமே நீ தட்டு."

"வண்டியில என்ன போட்ட?"

"நீ முதல்ல வா."

அவன் அவளையே பார்த்தான். அவள் பைக்குள் கை விட்டிருந்தாள். எடுத்துக் காட்டவில்லை.

மதியத்துக்கு எரு மூட்டைகள் ஏறிவிட்டன. கோழி எருவின் வீச்சம் கொட்டகை வரைக்கும் வந்தது, யாரும் மூக்கைப் பொத்தவில்லை, அது சோறு போடுகிற வீச்சம். கொட்டகையில் மேலே போக வேண்டிய டிரைவர்கள் அரிசி நூடுல்சில் குழம்பு ஊற்றித் தின்றுகொண்டிருந்தார்கள். பாதிப் பேர் தவுக்கேயின் ஆட்கள். கிழட்டு டிரைவர் தோங்கம் முருங்கைக் குச்சி மாதிரியான கையால் கீரையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வாமெங்கின் பக்கத்தில் இயா குழந்தையோடு இருந்தாள்.

தவுக்கே வந்தான். "ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் ரம்பாய். சாவியைத் தூக்கிக் காட்டினாள். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "தவுக்கே சொன்ன மாதிரியே செஞ்சிருக்கேன். நீங்க குடுத்த பியர் டப்பாதான். வெட்டி, குழாயை அடைச்சு, முடுக்கியாச்சு."

"அதான் வேணும். வாமெங், எடு வண்டியை."

"ஒரு நிமிசம்" என்றது ஒரு குரல்.

சுதின் சாலையைக் கடந்து வந்துகொண்டிருந்தான். கம்பு, கால், கம்பு, கால். அவன் அந்தக் கொட்டகைக்குள் வந்து எத்தனையோ நாளாயிற்று. கொட்டகைக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். தோங்கம் தன் பக்கத்தில் ஸ்டூலைத் தள்ளினார். அவன் உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் குடிச்சிருந்தேன்" என்றான். "ஊர் சொன்னது சரிதான். ஒரு டப்பா. குடுத்தது இவரு. குடிச்சிட்டு டப்பாவை வெட்டிக் குழாயில வைன்னு சொன்னதும் இவரு. வெட்டினது நான். வளைவுல அது ஓட்டையாகி உள்ள போயிடுச்சு. அவ்வளவுதான் நடந்தது."

ஒரு முறை கம்பால் மேசைக்காலைத் தட்டினான். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை.

"குடிகாரன் பேச்சு" என்றான் தவுக்கே.

"நேத்து எங்கிட்டயும் அதேதான் சொன்னீங்க" என்றாள் ரம்பாய். "எத்தனை வண்டிக்கு இப்படிப் போட்டிருக்கேன்னீங்க. வாமெங் பக்கத்துல நின்னான்."

"நின்னேன்" என்றான் வாமெங் நூடுல்சைப் பார்த்துக்கொண்டு.

தோங்கம் வாயைத் துடைத்தார். "தவுக்கே, போன மாசம் என் வண்டியை நீங்கதான டவுனுக்கு எடுத்துட்டுப் போனீங்க. அதுல என்ன இருக்கு?"

"அதுல ஒண்ணும் இல்ல."

"டப்பாவா?"

தவுக்கே பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தான். அந்தக் கொஞ்சம் போதுமானதாக இருந்தது. தோங்கம் எழுந்து போய்த் தன் வண்டியின் பானெட்டைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருத்தன் போனான். இன்னொருத்தன். ஒன்றன்பின் ஒன்றாகப் பானெட்டுகள் வாய் பிளந்தன.

"பயந்தாங்கொள்ளிப் பசங்களா. டப்பான்னா என்ன இப்ப? நல்லாத்தான் ஓடும். வாமெங், ஏறு."

"சாப்பிடுறேன் தவுக்கே."

"மேல கோசு அறுத்துக் கெடக்குடா. வெயில் ஏறுது."

"கையெல்லாம் குழம்பு."

"நல்லாத்தான் ஓடும்னா நீங்களே எடுத்துட்டுப் போங்களேன்" என்றார் தோங்கம் பானெட்டுக்குள்ளிருந்து. "உங்களுக்கு லைசென்ஸ் இல்லையா என்ன?"

யாரோ சிரித்தார்கள். ரம்பாய் சாவியை நீட்டினாள். தவுக்கே அவளைக் கிட்டே இழுக்கிற மாதிரிக் குரலைத் தாழ்த்தினான்.

"ஸ்டீல் போட்டுக் குடு. இப்பவே."

"ஏன் தவுக்கே? டப்பா நல்லாத்தான் ஓடும்னீங்க."

"ரம்பாய்."

"காசும் மிச்சம்" என்றாள். "தாகமும் தீந்துது."

அவன் முகத்தில் ஏறி இறங்கிய ரத்தத்தை அவள் நிதானமாகப் பார்த்தாள். நெடுநாள் பசித்தவள் முதல் வாயைப் போட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. தவுக்கேயின் நினைப்பில் மேலே அறுத்துப் போட்ட வயல்கள், அடுத்த வியாபாரியின் வண்டி, இங்கே தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்கள். பிடுங்குகிற மாதிரிச் சாவியை வாங்கினான். ஏறி உட்கார்ந்தான். வயிறு ஸ்டியரிங்கில் முட்டியது. தாயத்துகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டான். எஞ்சின் ஒரே தட்டில் எழுந்தது. பூனைக்குட்டி மாதிரி மெல்லிசான சத்தம். எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு நடுக்கத்தைத் தேடி அவன் காது விறைத்து நின்றது. கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு, முதல் கியரிலேயே வண்டியை நகர்த்தினான். நடந்து போகிற கிழவி ஒருத்தி அவனை முந்திப் போனாள்.

சுதின் ரம்பாயின் முழங்கையைப் பிடித்தான். விரல்கள் பதிந்தன.

"ஏய். போய்ச் சேந்துடுவான்டி. வேண்டாம். கூப்பிடு."

அவள் பைக்குள் கை விட்டுத் தகட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் பியர்க்காரன் படம். கருகவும் இல்லை, கரியும் இல்லை. சுதின் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு வாமெங்கைப் பார்த்தான். வாமெங் தலையை ஆட்டிவிட்டு இன்னொரு வாய் எடுத்தான்.

"அவன்கிட்ட எப்ப சொல்லுவ?" என்றான் சுதின்.

"யாருகிட்ட?"

"தவுக்கேகிட்ட. ஒண்ணும் போடலன்னு."

"நான் ஏன் சொல்றேன்? அந்த வண்டி அவன்கிட்ட இருக்கிற வரைக்கும் அதுல டப்பாதான். கழட்டிப் பாக்கட்டும். எந்தப் பட்டறையில பாப்பான்? அவன் சொன்னா எவன் நம்புவான்?"

மேலே, ஒவ்வொரு வளைவிலும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முதல் வளைவு. கோயில் வளைவு. பெரிய பாறை. எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதற்கடுத்தது வரிக்குதிரை வளைவு. அங்கே போகிற எந்த வண்டியும் மூன்று தரம் ஹாரன் அடித்துக் காவல் தெய்வத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் திரும்பும்.

ஹாரன் அடித்தது. மூன்று தரம் அடித்தது. நான்காவது தரமும் அடித்தது. எஞ்சின் சத்தம் அந்த இடத்திலேயே நின்றது. அணையவில்லை, அவள் காதுக்கு அது தெரியும், நல்ல சுத்தமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. வண்டிதான் நகரவில்லை. ஏறவும் மாட்டாமல், பின்னால் இறக்கவும் மாட்டாமல், பிரேக்கை மிதித்த காலை எடுக்கவும் மாட்டாமல் ஒருத்தன் அங்கே உட்கார்ந்திருந்தான். ஹாரன் விடாமல் அடித்தது. தெய்வத்துக்குச் சொல்கிற மாதிரி இல்லை, ஆளைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

வாமெங் கையைக் கழுவ எழுந்தான். "போய் எடுத்துட்டு வரட்டுமா அக்கா?"

"உக்காரு. சாப்பிடு" என்றாள் ரம்பாய். "வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

கொட்டகைக்காரியிடம் தனக்கும் சுதினுக்கும் இரண்டு தட்டு கேட்டாள். தட்டு வந்தது. மேலே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சுதின் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். தோங்கம் கீரைத் தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு கரண்டி குழம்பு ஊத்து" என்றாள் ரம்பாய். "நேரம் இருக்கு."